“எனக்கு வராது” – வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன: ‘வராது’. டிராயிங் வராது, கணக்கு வராது, கம்ப்யூட்டர் வராது, இந்த வயதில் இனிமேல் வராது. அதனால் இந்த முறை அவற்றையே சேர்த்து எடுத்துக்கொண்டேன். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக: நான் கோவையில் 11 ஆண்டு லேத், அதாவது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம், ஓட்டியவன். அதன்பிறகு 28 ஆண்டு, லேத் வேலை சொல்லித்தரும் டர்னர் பிரிவில் பயிற்சி ஆசிரியர். எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டறையில் தெரிந்துகொண்டதுதான். பதில்களும் அங்கிருந்தே வருகின்றன.

கேள்வி: பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. என்ஜினியரிங் டிராயிங்கில் இரண்டு முறை அரியர். யூடியூபில் எவ்வளவோ பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. அதற்கெல்லாம் பிறவியிலேயே கற்பனை சக்தி வேண்டும் என்கிறார் எங்கள் சீனியர். எனக்கு அது இல்லை போல. படிப்பை விட்டுவிடலாமா? – ஒரு மாணவர், நாமக்கல் மாவட்டம்

விட வேண்டாம் தம்பி. முதலில் ஒரு பையன் கதையைச் சொல்கிறேன்.

என்னிடம் படித்த அவனுக்கு, துல்லியமாக அளக்கிற வெர்னியர் காலிப்பரில் அளவு பார்க்கவே வரவில்லை. மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. 24.36 மில்லிமீட்டர் இருக்கிற ஜாபை, அதாவது கடைந்த துண்டை, 22.36 என்பான். 24.62 இருப்பதை 23.62 என்பான். சில நேரம் ஒன்று குறையும், சில நேரம் இரண்டு குறையும். குத்துமதிப்பாகச் சொல்கிறான் என்றே நான் நினைத்தேன். அவன் நோட்டில் ‘தவறு’, ‘தவறு’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒருநாள் அவனே வந்து, “சார், எனக்கு இது வராது சார். ஃபிட்டருக்கு மாத்திக்கலாமா?” என்றான். ஃபிட்டருக்கும் அதே வெர்னியர்தான் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் நான் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். பக்கத்தில் உட்கார வைத்து, “பதில் சொல்ல வேண்டாம். கண் எங்கே போகிறதோ அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வா” என்றேன். சொன்னான். பிரதான அளவுகோலைப் படிக்கும்போது, நகரும் தகட்டில் இருக்கிற பூஜ்யக் கோட்டுக்கு நேராகப் பார்க்காமல், தகட்டின் ஓரத்துக்கு நேராகப் பார்க்கிறான். அந்த ஓரம் பூஜ்யக் கோட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் முன்னாலேயே முடிந்துவிடும். அதனால்தான் சில நேரம் ஒன்று, சில நேரம் இரண்டு குறைந்திருக்கிறது. மற்றதெல்லாம் சரி. நகரும் தகட்டின் பதினெட்டாவது கோடு பிரதான அளவுகோலின் ஒரு கோட்டுக்கு நேராக நிற்பதைச் சரியாகப் பிடித்தான். கோடு ஒன்றுக்கு 0.02 மில்லிமீட்டர் என்று பதினெட்டைப் பெருக்கி 0.36 என்று சரியாகச் சொன்னான். பூஜ்யக் கோட்டின் மேல் சாக்பீஸ் தடவிக் காட்டினேன். அன்று மாலை பன்னிரண்டு ஜாப் அளந்தான், பன்னிரண்டும் சரி.

மூன்று வாரம் அவன் ‘வராது’ என்று சொன்னது வெர்னியரைப் பற்றி. உண்மையில் வராமல் இருந்தது ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு விஷயம். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு அவனுக்கு மட்டுமல்ல, எனக்கும் இருந்தது.

இப்போது உங்கள் டிராயிங். எது தடுக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒன்றை நான் இங்கிருந்தே சந்தேகப்படுகிறேன். ஒரு பொருளின் பல பக்கத் தோற்றங்களைத் தாளில் எங்கெங்கே வரைவது என்பதற்கு இரண்டு முறை உண்டு. நம் நாட்டுக் கல்லூரிகளில் முதல் கோண முறை, அதாவது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அதில் டாப் வியூ, ஃபிரண்ட் வியூவுக்குக் கீழே வரும். அமெரிக்காவில் மூன்றாம் கோண முறை. அங்கே டாப் வியூ மேலேயே இருக்கும். பக்கத் தோற்றங்களும் இடம் மாறும். யூடியூபில் வருகிற ஆங்கில வீடியோக்களில் பல அங்கிருந்து வருபவை. வகுப்பில் ஒன்று, வீடியோவில் நேர் எதிராக இன்னொன்று என்று பார்த்தால் யாருக்குத்தான் குழம்பாது? நீங்கள் பார்த்தவற்றை ஒருமுறை சரிபாருங்கள்.

அப்புறம் இதையும் செய்யுங்கள். மலிவான பார் சோப்பு வாங்கி, புத்தகத்தில் இருக்கும் கட்டை வடிவத்தைக் கத்தியால் செதுக்குங்கள். மேசையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் எதிரே இருந்து பாருங்கள். தெரிகிற விளிம்பை முழுக்கோட்டில் வரையுங்கள். மறைந்திருக்கிற விளிம்புக்கு விட்டு விட்டு வரும் சிறு கோடுகள். பிறகு எழுந்து நின்று மேலிருந்து பாருங்கள். ஒரு சோப்புக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு சோப்பு முடிந்த பிறகு, செதுக்காமலே மனதுக்குள் கட்டையைத் திருப்பிப் பார்க்க முடிகிறதா என்று சோதியுங்கள். உங்கள் சீனியர் சொல்கிற கற்பனை சக்தி இப்படித்தான் எனக்கு வந்தது. நான் செதுக்கியது களிமண்ணில்.

இன்னொன்று. பிளான், எலிவேஷன், செக்‌ஷன் என்ற ஆங்கிலச் சொல் தடுக்கிறதா, படம் தடுக்கிறதா? இரண்டும் வேறு நோய், வேறு மருந்து. சொல்தான் தடுக்கிறது என்றால் இருபது சொல்லைத் தமிழில் அர்த்தம் எழுதி ஒட்டிவையுங்கள், போதும்.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் 1994 முதல் கணக்கு எழுதுகிறேன். வயது 52. முதலாளி புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார். கூட வேலை செய்யும் சின்னப் பெண்கள் இரண்டு நாளில் பழகிவிட்டார்கள். எனக்கு ஒரு மாதமாகியும் கை நடுங்குகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? – ஒரு கணக்காளர்

ஐயா, பட்டறைக்காரனிடம் அந்தப் பழமொழியைச் சொல்லாதீர்கள். காய்ச்சினால் இரும்பும் வளையும் என்று பார்த்தே வளர்ந்தவன் நான்.

1994இல் நீங்கள் பேரேட்டில் பேனாவால் எழுதியிருப்பீர்கள், வரி அன்றைக்கு விற்பனை வரி. 2007 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, வந்தது. பழைய கணக்குமுறை மாறியது, நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். நடுவில் எப்போதோ பேரேடு போய் டாலி என்ற கணக்கு மென்பொருள் வந்திருக்கும், அதையும் கற்றீர்கள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. ஆடிட்டர்களே தலையைப் பிடித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. 11ஆம் தேதிக்குள் ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதிக்குள் இன்னொன்று என்று இன்றுவரை தாக்கல் செய்துகொண்டிருப்பது யார்? ஐம்பதில் வளையாது என்று எழுதுகிறவர் ஏற்கெனவே மூன்று நான்கு முறை வளைந்தவர்.

அப்படியானால் இப்போது ஏன் கை நடுங்குகிறது? எனக்குத் தோன்றுவது இதுதான்: ஜி.எஸ்.டி. வந்தபோது ஊரே சேர்ந்து திணறியது. இப்போது அந்த அறையில் நீங்கள் ஒருவர் மட்டும் திணறுகிறீர்கள், அதுவும் உங்கள் மகள் வயதுப் பெண்களுக்கு முன்னால். இது கூச்சம். இதை மூளையின் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள்.

எனக்கு இது நன்றாகத் தெரியும். 2001இல், என் 42ஆவது வயதில், கம்ப்யூட்டர் ஓட்டுகிற சி.என்.சி. லேத் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கூடப் படித்தவர்களுக்கு 22, 23 வயது. கையால் ஓட்டிய லேத்தில் என் விரலுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இந்த மெஷினிலோ கைப்பிடியைச் சுற்றி வெட்டுகிற வேலையே இல்லை, எல்லாம் எழுத்தும் எண்ணும். ஜி 00 என்றால் வேகமாகப் போ, ஜி 01 என்றால் வெட்டிக்கொண்டே போ. மூன்றாம் நாள் விட்டம் 50 என்று அடிக்கும்போது எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைக்கவில்லை. அந்த மெஷினில் புள்ளி இல்லாத 50, ஐம்பது மைக்ரான், அதாவது 0.05 மில்லிமீட்டர். வெட்டுகிற டூல் ஐம்பது மில்லிமீட்டர் விட்டத்தில் நிற்காமல் நேராக மையத்தைப் பார்த்துப் பாய்ந்தது. டூலின் வெட்டும் முனையான இன்செர்ட் நொறுங்கிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்து மெஷின் பையன் வந்து, “சார், புள்ளி” என்றான். அவ்வளவுதான் சொன்னான். பிறகு சிங்கிள் பிளாக் பொத்தானைக் காட்டி, ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொன்னான். மறுநாளிலிருந்து தினமும் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். பதிலுக்கு, வெட்டும் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கியதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அது எந்தத் திரையிலும் வராது.

நீங்களும் அப்படிச் செய்யலாம். அந்தப் பெண்களில் ஒருவரிடம் போய், “அம்மா, தினமும் ஒரே ஒரு ஸ்க்ரீன் சொல்லிக்கொடு” என்று கேளுங்கள். உங்கள் கைப்பட நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பார்ட்டியின் பாக்கித் தொகை தப்பு என்று பார்த்ததுமே எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒன்றை மறைக்க மாட்டேன்: 25 வயதில் இரண்டு நாளில் பழகுவது நமக்குப் பத்து நாள் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். எனக்கு ஆயிற்று. முதலாளியிடம் இதை நேரடியாகச் சொல்லி, அடுத்த மாத ரிட்டர்ன் முடியும்வரை பழைய முறையையும் சேர்த்து ஓட்ட அனுமதி கேளுங்கள். முப்பது வருடம் கணக்குப் பார்த்தவர் இதைக் கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே எல்லோரும் அவளை ‘கெட்டிக்காரி’ என்று கொண்டாடுவோம். இப்போது கஷ்டமான கணக்கைத் தொடவே மாட்டேன் என்கிறாள். ஒரு மதிப்பெண் குறைந்தால் தாளை ஒளித்துவைக்கிறாள். – ஒரு தாய், தஞ்சாவூர்

அம்மா, உங்கள் கொண்டாட்டத்திலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். 1998இல் அமெரிக்காவில் கிளாடியா மியூலர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளிடம் புதிர்களைக் கொடுத்தார்கள். போட்டு முடித்ததும் சிலரை ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டினார்கள். சிலரை ‘நன்றாக முயற்சி செய்தாய்’ என்று பாராட்டினார்கள். புத்திசாலி என்ற பெயர் கிடைத்த பிள்ளைகள் அடுத்து, அந்தப் பெயர் கெடாத சுலபமான புதிர்களையே அதிகம் விரும்பினார்கள். பிறகு கடினமான புதிர் கொடுத்துத் திணற வைத்து, வேறொரு மாணவருக்கு உன் மதிப்பெண்ணை எழுது என்றபோது, புத்திசாலிக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டி எழுதினார்கள். பொய் சொல்லும் பிள்ளைகள் இல்லை அவர்கள். கிடைத்த பட்டத்தைக் காப்பாற்றப் பார்த்த பிள்ளைகள்.

உங்கள் மகள் தாளை ஒளிப்பதும் அதற்காகத்தான். ‘கெட்டிக்காரி’யைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். அதற்குப் பதில் ‘நல்லா முயற்சி பண்ணினே’ என்று ஒப்புக்குச் சொன்னாலும் பயனில்லை, குழந்தைக்கு அது தெரிந்துவிடும். அவள் செய்ததைப் பார்த்துச் சொல்லுங்கள்: “இங்க முதல்ல கூட்டிட்டே, அப்புறம் அழிச்சிட்டுப் பெருக்கியிருக்கியே, எப்படிக் கண்டுபிடிச்சே?” தாளில் அழித்த தடம் இருக்கிற இடம்தான் அவள் யோசித்த இடம். அங்கே விரலை வைத்துக் கேளுங்கள்.

கேள்வி: ஓசூரில் ஒரு உதிரிபாக ஆலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பையன்கள் கெடுத்த பீஸை மறைக்கிறார்கள். கெட்ட பீஸுக்கென்று வைத்த சிவப்பு டிரேயில் போட்டால்தானே காரணம் தெரியும்? சி.சி.டி.வி. வைத்தும் பயனில்லை. – ஒரு சூப்பர்வைசர்

நானும் மறைத்தவன்தான், தம்பி. எதற்காக மறைத்தேன் என்று சொல்கிறேன்.

நான் முதலில் சேர்ந்த பட்டறையில், கெட்டுப்போன ஒவ்வொரு பீஸுக்கும் வாரக் கூலியில் பிடிப்பார்கள். அதோடு எல்லோர் முன்னாலும் பீஸைத் தூக்கிக் காட்டி ஏசுவார்கள். அங்கே இருந்த எட்டு மாதத்தில் நான் நன்றாகத் தேறிய வித்தை, பீஸை, லேத்தில் வெட்டி விழுந்த உலோகச் சுருள் குவியலுக்குள் புதைப்பது. அடுத்த பட்டறைக்கும் அந்தப் பழக்கத்தோடுதான் போனேன். அங்கே பம்புக்கு கன்மெட்டல் புஷ், அதாவது வெண்கல வகை உலோகத்தில் ஒரு குழல் துண்டு. உள்விட்டம் 30 மில்லிமீட்டர், அதற்கு மேல் 0.02 வரைதான் கூடலாம். எனக்கு 30.10 வந்துவிட்டது. விலை கூடின உலோகம். வழக்கம்போலப் புதைத்தேன். சாயங்காலம் ஃபோர்மேன் சுருளைக் கிளறும்போது கையில் அகப்பட்டது.

அவர் ஏசவில்லை. பீஸைத் துடைத்து மேசையில் வைத்து, “எந்தக் கட்டுல பெருசாச்சு?” என்று கேட்டார். கட்டு என்றால் டூல் ஒருமுறை வெட்டிக்கொண்டு போவது. அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கடைசிக் கட்டில் கைப்பிடியின் அளவு டயலைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டேன், உடனே அதே அளவு பின்னால் திருப்பினேன், ஆனாலும் பெரிதாகிவிட்டது என்றேன். என்னை லேத்துக்குக் கூட்டிப்போய், கைப்பிடி மேல் என் கையை வைத்து, அதன் மேல் அவர் கையை வைத்துத் திருப்பினார். டயல் நகர்கிறது, டூல் நகரவில்லை. ஸ்குரூவில் இருக்கும் தளர்ச்சி அது. “டயலை நம்பாதே. அரைச் சுற்றுப் பின்னால போயிட்டு, திரும்ப முன்னால வந்து நிறுத்து.” அதன்பிறகு லேத் ஓட்டிய காலம் முழுக்க அந்தத் தப்பு எனக்கு வரவே இல்லை. முதல் பட்டறையிலும் இதே காரணத்தால் எத்தனை பீஸ் கெடுத்திருப்பேன்! கூலி போயிற்று, காரணம் மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இணைந்து வேலை செய்யும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தால் அங்கேதான் அதிகம். பிறகுதான் புரிந்தது: அந்த வார்டுகளில் செவிலியர்கள் பயமில்லாமல் சொல்கிறார்கள், மற்ற வார்டுகளில் மறைக்கிறார்கள். அதனால் முதல் மாதம் உங்கள் சிவப்பு டிரே நிறைந்தால் பயப்படாதீர்கள், மேலிடத்துக்கும் அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேமராவை எடுத்துவிடுங்கள் என்று உங்களால் சொல்ல முடியாமல் இருக்கலாம். ஆனால் டிரேயில் விழுந்த பீஸைப் பற்றி முதல் கேள்வி ‘யார்?’ என்று இருக்கக் கூடாது. அது உங்கள் வாயில்தான் இருக்கிறது. ‘எந்தக் கட்டில்?’ என்று கேளுங்கள். பையன் சொல்வதை அவன் பேச்சிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த பேட்ச் வரும்போது முதல் நாள் அந்த நோட்டைப் படிக்கக் கொடுங்கள். ஒரே தப்பைத் திரும்பத் திரும்ப, சொல்லிக் கொடுத்தும் கவனமில்லாமல் செய்கிறவன் ஒருவன் இருப்பான். அவனைக் கண்டியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புதுத் தப்புக்கும் பழைய தப்புக்கும் ஒரே தண்டனை கொடுத்தால் எல்லாப் பீஸும் சுருளுக்குள்தான் போகும்.

கேள்வி: சென்னையில் ஐ.டி. நிறுவனத்தில் இருக்கிறேன். ‘குரோத் மைண்ட்செட்’ என்று சுவரெல்லாம் போஸ்டர். பயிற்சி வகுப்புக்கு நேரம் மட்டும் கொடுப்பதில்லை. முன்னேறாவிட்டால் உன் மனநிலை சரியில்லை என்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு? – ஒரு வாசகி

உங்கள் கோபம் நியாயமானது அம்மா. திறமை கல்லில் வெட்டியது இல்லை, முயன்றால் வளரும் என்கிற நம்பிக்கைக்கு அந்தப் பெயரை வைத்தவர், மேலே சொன்ன கேரல் டுவெக்தான். வெறும் முயற்சியைப் பாராட்டினால் போதும் என்று பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று பின்னாளில் அவரே எச்சரித்தார். அதன் பலன் எவ்வளவு என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், அமெரிக்காவில் 12,000க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பாடம் கொடுத்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரி 0.1 புள்ளி உயர்ந்தது. அங்கே ஏ என்றால் 4, பி என்றால் 3 என்று கணக்கு. அதில் 0.1 என்பது சின்ன ஏற்றம்தான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு அது வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதோடு, கஷ்டமான பாடத்தை எடுப்பதைச் சக மாணவர்கள் நல்லதாக நினைக்கும் பள்ளிகளில்தான் பலன் கூடுதலாக இருந்தது.

அதாவது விதை மட்டும் போதாது, மண்ணும் வேண்டும். போஸ்டர் ஒட்டியவர்கள் மண்ணைத் தரவில்லை என்றால் குறை உங்களுடையது அல்ல. வாரத்தில் எத்தனை மணி நேரம், யார் சொல்லித் தருவார், பழகும் காலத்தில் நேரும் பிழை மதிப்பீட்டில் எப்படிக் கணக்காகும் – இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காமல் குழுவில் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் சொல்கிறீர்களே, இப்போது நீங்கள் என்ன கற்கிறீர்கள்? – ஒரு வாசகர், பொள்ளாச்சி

மலையாளம் வாசிக்க. மருமகள் பாலக்காட்டுக்காரி. பேச்சு காதில் விழுந்து விழுந்து ஓரளவு புரியும், எழுத்து தெரியாது. நமக்கு ஒரே ‘க’, அவர்களுக்கு அதில் நான்கு. இரண்டாவதும் நான்காவதும் எனக்கு இன்னும் குழம்புகின்றன. மருமகள் ஒரு நோட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள், காலையில் காபியோடு பத்து நிமிடம். போன மாதம் பாலக்காடு பஸ் ஸ்டாண்டில் நின்று, வந்த பஸ்களின் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். ‘ஒலவக்கோடு’ ஒரே மூச்சில் வந்தது. இப்போது செய்தித்தாளில் தலைப்பு வரை வந்திருக்கிறேன்.